தீர்மானத்தில் ஏறாத 1,740 பவுண்டு

2022 ஆகஸ்டில் எங்கள் ஊர் விளையாட்டுத் திடலுக்கு நான் ஓர் ஊஞ்சல் வாங்கினேன். என் சொந்தக் கார்டில், 1,740 பவுண்டு. அதில் எனக்குத் திரும்பி வந்தது 1,450 பவுண்டு, அதுவும் ஆறு மாதம் கழித்து. பணம் போனதுகூட ஆறிவிட்டது. அந்த ஆறு மாதத்தில் ஊருக்குள் நடக்கும்போது யார் என்னைப் பார்த்து என்ன நினைக்கிறார்களோ என்று குனிந்துகொண்டே போனேனே, அதுதான் ஆற நாளாயிற்று. பாரிஷ் கவுன்சில் என்னும் ஊர் மன்றத்தில் சேர்ந்த அன்றைக்கு யாராவது என்னை உட்காரவைத்துப் பத்து நிமிடம் பேசியிருந்தால் இது எதுவுமே நடந்திருக்காது. அந்தப் பத்து நிமிடப் பேச்சைத்தான் இங்கே எழுதுகிறேன். இங்கிலாந்துக் கிராமங்களில் வீடு வாங்கி வரும் தமிழ்க் குடும்பங்கள் இப்போது நிறைய. உங்களில் யாராவது ஒருவர் நாளைக்கு நான் உட்கார்ந்த நாற்காலியில் உட்காரலாம்.

எனக்குச் சொந்த ஊர் மன்னார்குடிப் பக்கம். 2021 வசந்தத்தில் சஃபோக் கவுண்டியில் (நம் மாவட்டம் மாதிரி) ஒரு சின்னக் கிராமத்தில் வீடு வாங்கினோம். இப்ஸ்விச்சில் வேலை. ஊரில் சுமார் 350 வாக்காளர்கள், ஒரு தேவாலயம், ஒரு வில்லேஜ் ஹால், ஒரு பேருந்து நிழற்குடை, திடலில் இரண்டு ஊஞ்சல், ஒரு சறுக்குமரம். நிழற்குடைக்குப் பக்கத்தில் கண்ணாடி போட்ட அறிவிப்புப் பலகை. அதில்தான் ‘கவுன்சிலர் இடம் ஒன்று காலி’ என்ற தாளைப் பார்த்தேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். பாரிஷ் என்றதும் நம் ஆட்கள் எல்லோரும் சர்ச் என்றுதான் நினைக்கிறார்கள். என் அத்தை போனில், “நீ எப்பம்மா மதம் மாறின?” என்றே கேட்டார். 1894-இல் வந்த உள்ளாட்சிச் சட்டம் ஊர்க் காரியங்களைத் தேவாலயத்தின் கையிலிருந்து பிரித்துத் தேர்ந்தெடுக்கப்பட்ட கவுன்சிலிடம் கொடுத்தது. தேவாலயத்துக்குத் தனியாக ஒரு சபை இன்றும் இருக்கிறது. இது வேறு, அது வேறு. இங்கிலாந்தில் இப்படிப் பாரிஷ், டவுன் கவுன்சில்கள் சுமார் 10,000 இருக்கின்றன. எங்கள் பக்கத்தில் சாலை, பள்ளி, நடைபாதை உரிமை எல்லாம் கவுண்டி கவுன்சில். குப்பை, கட்டட அனுமதி, வரி வசூல் அதைவிடச் சின்ன எல்லை கொண்ட டிஸ்ட்ரிக்ட் கவுன்சில். மிச்சம் இருக்கும் சின்னச் சின்னது எல்லாம் பாரிஷ். சின்னது என்று சொல்கிறேனே தவிர, புல் வெட்டுவது, விளையாட்டுத் திடல், நிழற்குடை, நாய்க் கழிவுத் தொட்டி, சில ஊர்களில் இடுகாடு, காய்கறி போட வாடகைக்கு விடும் அலாட்மென்ட் நிலம், வில்லேஜ் ஹாலுக்கு மானியம் என்று, கதவைத் திறந்து வெளியே வந்தால் கண்ணில் படும் பாதி விஷயம் அதன் பொறுப்பு. எங்கள் ஊரில் பழைய சிவப்புத் தொலைபேசிக் கூண்டைத் தொலைபேசி நிறுவனத்திடமிருந்து ஒரு பவுண்டுக்கு வாங்கி, அதற்குள் இதயம் நின்றால் மின்அதிர்ச்சி கொடுக்கும் டீஃபிப்ரிலேட்டரை மாட்டி வைத்திருக்கிறோம். அதன் பேட்டரியும் ஒட்டும் பட்டைகளும் காலாவதி ஆகாமல் பார்ப்பதும் கவுன்சில் வேலைதான்.

உங்கள் கவுன்சில் டேக்ஸ் (வீட்டு வரி) பில்லை எடுத்துப் பாருங்கள், பாரிஷ் என்று தனி வரி இருக்கும். அதற்குப் பெயர் ப்ரிசெப்ட். எங்கள் ஊர் மொத்தமும் சேர்த்து ஆண்டுக்குச் சுமார் 11,000 பவுண்டு. ஒரு நடுத்தர வீட்டுக்கு 70 பவுண்டுக்குச் சற்றுக் குறைவு. இந்தப் பணத்தைக் கேட்டு வாங்குவதும் செலவழிப்பதும் பாரிஷ் கவுன்சில்தான். அந்த வரியைப் படிக்காமலே ஆறு மாதம் பில் கட்டியிருக்கிறேன்.

காலியிடம் விழுந்தால் அறிவிப்பு ஒட்டுவார்கள். 14 வேலை நாட்களுக்குள் பத்து வாக்காளர்கள் எழுதிக் கேட்டால் தேர்தல். யாரும் கேட்காவிட்டால் கவுன்சிலே ஒருவரைச் சேர்த்துக்கொள்ளலாம், அதற்கு கோ-ஆப்ஷன் என்று பெயர். எங்கள் ஊரில் யாரும் கேட்கவில்லை. நான் பிரிட்டிஷ் குடியுரிமை வாங்கவில்லை, இந்தியப் பாஸ்போர்ட்தான், நான் எப்படி விண்ணப்பிக்க முடியும் என்று தயங்கினேன். இதை நம்மவர்கள் பலர் இன்றும் அறியாமல் இருக்கிறார்கள்: இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் எல்லாம் காமன்வெல்த் நாடுகள். விசாவோடு சட்டப்படி இங்கே வசிக்கும் காமன்வெல்த் குடிமக்களுக்கு ஓட்டு உண்டு. தேர்தலில் நிற்கவும் கவுன்சிலர் ஆகவும் நிரந்தர வசிப்புரிமை வேண்டும். எனக்கு அது இருந்தது. வாக்காளர் பட்டியலில் பெயர் இல்லை என்றால் இன்றைக்கே பதிந்துவிடுங்கள். 2021 நவம்பரில் ஒரு பக்கக் கடிதம் எழுதிக் கொடுத்தேன், கை தூக்கினார்கள், ஏழு பேரில் ஒருத்தியானேன். பதவியேற்பு உறுதிமொழித் தாளில் கிளார்க் முன்னால் கையெழுத்துப் போட்டேன். என் வேலை, வீடு, நிலம் எல்லாவற்றையும் கவுன்சிலர்களின் சொந்த நலன்களைக் காட்டும் பதிவேட்டுக்கு 28 நாளுக்குள் எழுதிக் கொடுத்தேன். சம்பளம் கிடையாது.

அப்பாவுக்கு அவ்வளவு சந்தோஷம். அவர் ஊரில் ஒரு தடவை வார்டு மெம்பராக இருந்தவர். “அங்கயும் கிராம சபை உண்டாம்மா?” என்று கேட்டார். உண்டு. நமக்குக் குடியரசு நாள், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி என்று கூடுவது போல இங்கே ஆண்டுக்கு ஒரு முறை, மார்ச் 1-க்கும் ஜூன் 1-க்கும் நடுவில், ஊர் வாக்காளர் யார் வேண்டுமானாலும் வந்து பேசி ஓட்டுப் போடும் கூட்டம் ஒன்று உண்டு; மாலை ஆறு மணிக்கு முன்னால் அதைத் தொடங்கக்கூடாது, வேலைக்குப் போகிறவர்கள் வரவேண்டும் என்பதற்காக. எங்கள் ஊரில் வந்தவர்கள் ஒன்பது பேர். அப்பாவிடம் சொன்னபோது, “பரவாயில்ல, பிரியாணி போடாம ஒம்போது பேர் வர்றதே பெருசு” என்றார்.

இப்போது ஊஞ்சலுக்கு வருகிறேன். 2022 ஜூலையில் திடலுக்கு ஆண்டு ஆய்வு நடந்தது. சின்னக் குழந்தைகள் ஊஞ்சலில் சங்கிலி மாட்டும் கொக்கி பாதிக்கு மேல் தேய்ந்திருக்கிறது, உடனே நிறுத்துங்கள் என்று அறிக்கை. அதே வாரம் எங்கள் கிளார்க் வேலையை விட்டுவிட்டார். கிளார்க் என்றால் பாரிஷ் கவுன்சிலில் எழுத்தர் மட்டும் அல்ல. சட்டப்படி அதிகாரியும் அவர்தான், பெரும்பாலான ஊர்களில் கணக்குப் பொறுப்பும் அவருக்குத்தான். வாரம் ஆறு மணி நேரச் சம்பளத்துக்குப் பன்னிரண்டு மணி நேரம் உழைத்த பெண்மணி அவர். ஆகஸ்டில் எங்களுக்குக் கூட்டம் கிடையாது. அடுத்தது செப்டம்பர் கடைசியில். பள்ளி விடுமுறை, என் மகள் உட்பட ஊர்க் குழந்தைகள் எல்லாம் திடலில். ஊஞ்சலைச் சுற்றி மஞ்சள் நாடா கட்டியிருந்தோம். அதை அவிழ்த்துவிட்டு ஒரு தாத்தா பேத்தியை உட்காரவைத்து ஆட்டியதை நானே பார்த்தேன். அன்று இரவு எனக்குத் தூக்கம் இல்லை.

தலைவருக்குப் போன் போட்டேன். வாங்கிவிடுங்கள், கூட்டத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்றார். அவ்வளவுதான். நான் அதை அனுமதி என்று எடுத்துக்கொண்டேன். தலைவரே சொல்லிவிட்டார், வேறென்ன வேண்டும்? நம் ஊரில் தலைவர் சொன்னால் சொன்னதுதானே என்ற பழக்கம் என் உடம்பிலேயே ஊறியிருந்தது. ஊஞ்சல் இருக்கையும் சங்கிலிகளும் பொருத்துகூலியும் சேர்த்து 1,450, அதன் மேல் 20 சதவீத வாட் (விற்பனை வரி) 290. கார்டைத் தேய்த்தேன். பில்லில் என் பெயர், என் வீட்டு முகவரி. பத்து நாளில் பொருத்திவிட்டுப் போனார்கள். மகளை உட்காரவைத்து முதல் ஆட்டு ஆட்டினேன். ஊருக்கு ஒரு நல்லது செய்துவிட்டோம் என்ற நிறைவு நெஞ்சு முழுக்க.

நான் செய்த பிழை எது என்று அன்று எனக்குப் புரியவில்லை. சட்டம் ரொம்பத் தெளிவாக இருக்கிறது. கவுன்சில் தன் அதிகாரத்தை ஒரு குழுவிடம் ஒப்படைக்கலாம், அல்லது கிளார்க் போன்ற அதிகாரியிடம் ஒப்படைக்கலாம். தனியொரு கவுன்சிலரிடம் ஒப்படைக்கவே முடியாது. தலைவரும் அதில் சேர்த்தி. கூட்டத்தில் ஓட்டு சமமாகப் பிரிந்தால் அவருக்குக் கூடுதலாக ஓர் ஓட்டு உண்டு. கூட்டத்துக்கு வெளியே அவரும் ஏழில் ஒருவர்தான். போனில் அவர் கொடுத்த சம்மதத்துக்குச் சட்டத்தில் இடமே இல்லை. அன்றைக்கு நான் செய்திருக்க வேண்டியது வேறு. ஊஞ்சலைக் கழற்றி ஹாலுக்குள் பூட்டியிருக்கலாம்; அதற்குக் காசே ஆகாது. சிறப்புக் கூட்டம் கூட்டச் சொல்லித் தலைவரிடம் கேட்டிருக்கலாம். ஒரு வாரத்தில் முடிந்திருக்கும். கிளார்க் இருக்கும்போது அவசரச் செலவுக்கு இத்தனை பவுண்டு வரை அவரே முடிவு செய்யலாம் என்று கவுன்சிலின் நிதி விதிகளில் ஒரு வரி இருக்கும். அந்த விதிகளை நான் படித்ததே இல்லை. நீங்கள் சேர்ந்த முதல் வாரத்திலேயே நிதி விதிகளையும் கூட்ட நடைமுறை விதிகளையும் கேட்டு வாங்கிப் படித்துவிடுங்கள். இரண்டும் சேர்ந்து ஓர் இரவு வேலை.

செப்டம்பர்க் கூட்டம். நான் பில்லை எடுத்து மேசையில் வைத்தேன். எதிரே இருந்த மூத்த கவுன்சிலர், எழுபத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும், கண்ணாடியைக் கழற்றிவிட்டு மெதுவாகக் கேட்டார்: இதற்குத் தீர்மானம் எங்கே? எத்தனை இடத்தில் விலை கேட்டீர்கள்? தலைவர் சொன்னார் என்றேன். எல்லோரும் தலைவரைப் பார்த்தார்கள். அவர் தன் முன்னால் இருந்த தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த மௌனம் இன்றைக்கும் எனக்கு வலிக்கிறது. நான் கோபத்தில் பேசினேன், குழந்தைகள் விழுந்தால் யார் பொறுப்பு என்று குரல் உயர்ந்தது. அப்போது அதே மூத்தவர், இது உங்கள் பணம் சம்பந்தப்பட்ட விஷயம், நீங்கள் அதை அறிவித்துவிட்டு வெளியே போக வேண்டும், பேசவே கூடாது என்றார். மேலும், நிகழ்ச்சி நிரலில் ‘திடல் ஆய்வறிக்கை’ என்று மட்டும்தான் இருக்கிறது, பணம் கொடுப்பது என்று இல்லை, ஆகவே இன்றைக்கு முடிவே எடுக்க முடியாது என்றார். நவம்பருக்குத் தள்ளிவைத்தார்கள்.

வண்டியில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். என் நிறத்துக்காக, என் உச்சரிப்புக்காக இப்படிச் செய்கிறார்கள் என்றுதான் அன்று நினைத்தேன். வேறு எப்படி நினைப்பேன்? அந்த அறையில் என்னைப் போல் இன்னொருவர் இல்லை. வீட்டுக்கு வந்து அப்பாவுக்குப் போன் செய்தேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “தீர்மானப் புத்தகத்துல ஏத்துனியாம்மா?” என்று கேட்டார். இல்லை என்றேன். “அப்ப அந்தப் பெரியவர் கேட்டது சரிதானே. நான் மெம்பரா இருந்தப்ப மோட்டர் ரிப்பேருக்கு நாலாயிரம் கைக்காசு போட்டேன். தீர்மானம் போடல. இன்னைக்கு வரைக்கும் வரல. உங்கம்மாட்ட கேளு” என்றார். அந்தக் கதையை அவர் என்னிடம் அதற்கு முன் சொன்னதே இல்லை.

நிகழ்ச்சி நிரல் பற்றிச் சொல்லிவிடுகிறேன், இங்கேதான் புதியவர்கள் எல்லோரும் இடறுகிறார்கள். நிரலில் இல்லாத எதையும் கவுன்சில் முடிவு செய்ய முடியாது. ‘இதர விஷயங்கள்’ என்று கடைசியில் போட்டு எதை வேண்டுமானாலும் நிறைவேற்றலாம் என்பது தவறு. காரணம் நியாயமானது: ஊரில் ஒருவர் பலகையைப் பார்த்துவிட்டு, நமக்குச் சம்பந்தம் இல்லை என்று வீட்டில் இருந்துவிட்டால், அவருக்குத் தெரியாமல் அவர் வீட்டுப் பக்கத்து விஷயத்தை முடிவு செய்யக்கூடாது அல்லவா? எனவே உங்கள் வேண்டுகோளைக் கிளார்க்குக்கு முன்கூட்டியே எழுதி அனுப்புங்கள். ‘ஊஞ்சல் பற்றி’ என்று எழுதாதீர்கள். ‘ஊஞ்சல் மாற்ற இத்தனை பவுண்டு வரை செலவழிக்க ஒப்புதல் கோருதல்’ என்று எழுதுங்கள்.

நவம்பரில் அந்த விஷயம் வந்தபோது நான் எழுந்து வெளியே போனேன். ஹாலுக்கு வெளியே கார் நிறுத்துமிடத்தில், பனி விழுகிற நேரம், பதினெட்டு நிமிடம் நின்றேன். உள்ளே என் பணத்தைப் பற்றி ஆறு பேர் பேசுகிறார்கள், கண்ணாடி வழியாக வாய் அசைவது மட்டும் தெரிகிறது. 1,450 கொடுப்பது என்று தீர்மானம். வாட் 290 இல்லை. அது ஏன் என்று விளக்கினார்கள். பாரிஷ் கவுன்சில் தான் கட்டிய வாட் வரியை வருவாய்த் துறையிடம் இருந்து திரும்பப் பெற முடியும், வாட் 126 என்ற படிவம் அதற்குத்தான். ஆனால் பொருளைக் கவுன்சில் வாங்கியிருக்க வேண்டும், பில் கவுன்சில் பெயரில் இருக்க வேண்டும். என் பெயரில் இருந்த பில்லை வைத்து ஒரு பென்னிகூட வாங்க முடியாது. கவுன்சில் வாங்கியிருந்தால் 1,450-க்கு முடிந்திருக்க வேண்டியதற்கு ஊர்ப் பணத்தில் 290 கூடுதலாகக் கொடுக்க அவர்களுக்கு மனம் வரவில்லை. பொருத்திய பிறகு ஓர் ஆய்வு நடந்தால்தான் காப்பீடு செல்லும் என்று தெரியவந்து, அதற்கு 180 பவுண்டு நான் முன்பே கொடுத்திருந்தேன். அதை நான் கேட்கவே இல்லை. கேட்கும் தெம்பு இல்லை. மொத்தம் 470 பவுண்டு என் கையை விட்டுப் போனது. யாராவது உங்களிடம் ‘நீங்க வாங்கிடுங்க, அப்புறம் தர்றோம்’ என்றால், ஒரு பூந்தொட்டியாக இருந்தாலும் வாங்காதீர்கள். கவுன்சில் பெயரில் பில் போடச் சொல்லுங்கள், கவுன்சில் கணக்கிலிருந்தே பணம் போகட்டும்.

இதற்கு நடுவில் இன்னொரு பாரத்தையும் ஏற்றிக்கொண்டேன். கிளார்க் இல்லை, யாரும் விண்ணப்பிக்கவில்லை. கவுன்சிலர் ஒருவர் சம்பளம் இல்லாமல் கிளார்க் வேலை பார்க்கச் சட்டம் இடம் கொடுக்கிறது. செப்டம்பர்க் கூட்டத்திலேயே அதற்கு ஆள் கேட்டபோது நான் கை தூக்கினேன். ஊஞ்சல் விஷயத்தில் பட்ட அவமானத்துக்கு நான் யார் என்று காட்ட வேண்டும் என்ற வேகம், உண்மையைச் சொன்னால். ஏழு மாதம் பார்த்தேன். வாரம் எட்டு மணி நேரம் வரை போயிற்று. கவுன்சிலராக இருப்பவரும், விலகி 12 மாதம் ஆகாதவரும் அதே கவுன்சிலில் சம்பள வேலைக்குச் சேர முடியாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். இப்போதைக்கு இலவசமாகப் பார்ப்போம், பிறகு வேலை நமக்கே கிடைக்கும் என்று யாரும் கணக்குப் போட வேண்டாம்.

வங்கிதான் என்னை அதிகம் வாட்டியது. கணக்கில் கையெழுத்துப் போட இரண்டு பேர். ஒருவர் வேலையை விட்ட கிளார்க், இன்னொருவர் அந்த வசந்தத்தில் இறந்துபோன கவுன்சிலர். பெயர் மாற்றப் படிவம் அனுப்பினால், பழைய கையெழுத்துக்காரர் இருவரும் கையெழுத்திட வேண்டும் என்று திரும்பி வந்தது. இறப்புச் சான்றின் நகல் வைத்து அனுப்பினேன், கூட்ட நடவடிக்கைக் குறிப்பின் நகல் இல்லை என்று மறுபடி வந்தது. மதிய உணவு இடைவேளையில் தொலைபேசியில் காத்திருந்து காத்திருந்து, சாப்பாட்டை அப்படியே வீட்டுக்குக் கொண்டுவந்த நாட்கள் உண்டு. புல் வெட்டுபவர் மூன்று மாதமாகப் பணம் வரவில்லை என்று என் வேலையிடத்துக்கே அழைத்தார். அவர் குரலில் கோபம் இல்லை, தவிப்புதான் இருந்தது, சின்னத் தொழில்காரர். பிப்ரவரியில்தான் கணக்கு எங்கள் கைக்கு வந்தது. அவருக்கு முதலில் போட்டேன், எனக்குக் கடைசியில். எப்போதும் நான்கு பேரைக் கையெழுத்துக்குப் பதிந்து வையுங்கள், ஏதாவது இருவர் போட்டால் போதும் என்று. ஒருவர் விலகினால் அன்றைக்கே மாற்றத் தொடங்குங்கள்.

ஜனவரி வந்தது. டிஸ்ட்ரிக்ட் கவுன்சிலில் இருந்து ப்ரிசெப்ட் படிவம். இத்தனை தேதிக்குள் தொகையைச் சொல்லுங்கள் என்று. சட்டப்படி மார்ச் 1-க்கு முன் கொடுக்க வேண்டும், ஆனால் பில் அச்சடிக்க வேண்டும் என்பதால் அவர்கள் ஜனவரியிலேயே கேட்பார்கள். இதைத் தவறவிட்டால் அடுத்த ஆண்டுக்கு ஊருக்குப் பணமே இல்லாமல் போகலாம். தொகையைக் கூட்டத்தில்தான் முடிவு செய்ய வேண்டும். திங்கட்கிழமைக்குக் கூட்டம் வைத்து, முந்தைய வியாழன் மாலை பலகையில் நோட்டீஸ் ஒட்டினேன். மூன்று நாள் அறிவிப்பு வேண்டும். வெள்ளி, சனி, ஞாயிறு, மூன்றாயிற்று என்று எண்ணினேன். சனிக்கிழமை காலை வாசலில் மணி. அதே மூத்த கவுன்சிலர். ஞாயிற்றுக்கிழமை கணக்கில் சேராது, ஒட்டிய நாளும் கூட்ட நாளும் சேராது, வங்கி விடுமுறையும் சேராது என்று பொறுமையாகச் சொன்னார். திங்கள் கூட்டத்துக்குப் புதன்கிழமையே ஒட்டியிருக்க வேண்டும். கூட்டத்தை ரத்து செய்தேன். ஹால் வாடகை 24 பவுண்டு போயிற்று. வியாழனுக்கு மாற்றிப் புதிய நோட்டீஸை அன்றைக்கே, சனிக்கிழமையே, அவர் பக்கத்தில் நிற்க ஒட்டினேன்.

அந்த வியாழன் சாலையெல்லாம் உறைபனி. ஏழு பேர் கவுன்சிலுக்குக் குறைந்தது மூன்று பேர் வேண்டும். தலைவர் வரவில்லை. இருவர் உடம்பு சரியில்லை என்றார்கள். வீடியோவில் சேர்கிறேன் என்றார் ஒருவர். கொரோனா காலத்தில் அனுமதித்திருந்த அந்த வழி 2021 மே மாதத்தோடு முடிந்துவிட்டது, அன்றைய விதிப்படி நேரில் இருந்தால்தான் ஓட்டு. ஏழரை மணிக்கு ஹாலில் நானும் இன்னொரு பெண்மணியும் மட்டும். அன்று நான் உள்ளுக்குள் உடைந்துபோயிருந்தேன். ஏழு நாற்பதுக்குக் கதவு திறந்தது. கையில் டார்ச், பூட்ஸ் முழுக்கப் பனி, அந்த மூத்தவர். வண்டி எடுக்கப் பயந்து ஒரு மைல் நடந்தே வந்திருந்தார். மன்னிக்கணும், தாமதம் என்றார். மூன்று பேர். தொகையைத் தீர்மானித்தோம், குறிப்பில் ஏற்றினேன், பதினோரு நிமிடத்தில் முடிந்தது. பிறகு தேநீர் போட்டுக் கொடுத்தேன். அப்போதுதான் சொன்னார், முப்பது வருடத்துக்கு முன் இதே கவுன்சிலில் ஒரு பாதைக் கதவுக்கு அவர் சொந்தப் பணம் போட்டு, ஊரில் அவரைத் திருடன் என்று பேசினார்களாம். தீர்மானம் கேட்டது உங்களைக் காப்பாற்றத்தான், அதைச் செப்டம்பரிலேயே தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்க வேண்டும், தவறு என்னுடையது என்றார். நான் ஒன்றும் பேசவில்லை. அப்பாவின் நாலாயிரம்தான் ஞாபகம் வந்தது.

அவர் சொன்னது சரி என்று அந்தக் கோடையில் தெரிந்தது. கவுன்சிலர் ஒருத்தி தனக்குத் தானே பணம் கொடுத்துக்கொண்டாள் என்று ஊரில் பேச்சு. ஆண்டுதோறும் ஜூலையின் முதல் பத்து வேலை நாட்களை உள்ளடக்கி மொத்தம் 30 வேலை நாட்கள் வாக்காளர் யார் வேண்டுமானாலும் கவுன்சில் கணக்கைப் பார்க்கலாம், நகல் கேட்கலாம், ஆட்சேபிக்கலாம். 2023-இல் ஒருவர் வந்தார். ஏப்ரலில் சேர்ந்த புதிய கிளார்க் கோப்பைத் திறந்து காட்டினார்: நவம்பர்த் தீர்மானம், நான் வெளியே போனதாக ஒரு வரி, பில், வங்கித் தாள். பத்து நிமிடத்தில் நன்றி சொல்லிவிட்டுப் போனார். அந்த ஒரு வரி, நான் பனியில் நின்ற அந்தப் பதினெட்டு நிமிடம், என்னைக் காத்தது. இந்த உரிமை உங்களுக்கும் உண்டு, உங்கள் ஊர்க் கணக்கின் மேல் சந்தேகம் இருந்தால் வம்பு பேசாமல் போய்ப் பாருங்கள்.

கட்டட அனுமதி பற்றியும் சிலர் என்னிடம் கேட்கிறார்கள், சுருக்கமாகச் சொல்கிறேன். வீட்டைப் பின்னால் நீட்டிக் கட்ட அனுமதி கொடுப்பது பாரிஷ் அல்ல, டிஸ்ட்ரிக்ட். பாரிஷ் கருத்து மட்டும் சொல்லும், சுமார் 21 நாளுக்குள். ஆனாலும் கூட்டத்துக்குப் போய், பொதுமக்கள் பேசும் நேரத்தில் மூன்று நிமிடம் உங்கள் வரைபடத்தைக் காட்டிப் பேசுங்கள். முகம் தெரிந்தவர் வீட்டுக்கு வரும் ஆட்சேபம் குறைவு. எதிர்ப்பவராக இருந்தால், வீட்டு விலை குறையும், காட்சி மறையும் என்று எழுதாதீர்கள், அவை கணக்கில் வராது. வெளிச்சம், அந்தரங்கம், போக்குவரத்து, வடிகால் பற்றி எழுதுங்கள்.

2023 மே 4 உள்ளாட்சித் தேர்தலில் மனு கொடுத்தேன். முன்மொழிய ஒருவர், வழிமொழிய ஒருவர், டெபாசிட் கிடையாது. ஏழு இடத்துக்கு ஆறு பேர்தான் நின்றோம், போட்டியின்றித் தேர்வானோம். என் தாளில் முன்மொழிந்தது யார் என்று சொல்லத் தேவையில்லை. அடுத்த தேர்தல் 2027-இல். கவுண்டி அளவில் பாரிஷ் கவுன்சில்களுக்கு ஒரு சங்கம் இருக்கும், புதிய கவுன்சிலர்களுக்கு அவர்கள் பயிற்சி நடத்துகிறார்கள். கட்டணத்தைக் கவுன்சிலே கட்டும். நான் அதற்குப் போனது சேர்ந்து பதினெட்டு மாதம் கழித்து. நீங்கள் முதல் மாதமே போங்கள்.

போன வாரம் ஊஞ்சலின் பக்கத்துக் கம்பம் துருப்பிடித்திருப்பதை என் மகள்தான் பார்த்துச் சொன்னாள். படம் எடுத்துக் கிளார்க்குக்கு அனுப்பினேன். மூன்று இடத்தில் விலை கேட்டாயிற்று. வரும் திங்கட்கிழமைக் கூட்டத்தில் ஆறாவது விஷயம், ‘ஊஞ்சல் கம்பம் மாற்ற 900 பவுண்டு வரை ஒப்புதல்’. நோட்டீஸைப் புதன்கிழமை மாலை நானும் மகளும் போய் ஒட்டிவிட்டு வந்தோம்.